மதுவைப் போலவே கஞ்சாவும்? டென்வரிலிருந்து எவன்ஸ்டன் வரை

டென்வர், சனிக்கிழமை

கஞ்சாவை மதுவைப் போன்ற முறையில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கொலராடோ மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2012 நவம்பரில் மக்கள் வாக்களித்துச் சேர்த்த 64ஆவது திருத்தம் அது. 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. 21 வயது நிரம்பிய யாரும், மருத்துவர் சீட்டு எதுவும் இல்லாமல், பொழுதுபோக்குக்காகவே கடையில் கஞ்சா வாங்கலாம் என்ற நிலை அமெரிக்காவில் முதலில் வந்தது இங்கேதான்.

மதுவைப் போல என்கிறார்களே, அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் நிற்கும்? இதைப் புத்தகத்தில் படித்தது போதும், அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு உருவான ஊரையும் அது உடைந்த ஊரையும் நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். தம்பி ஒஹாயோவில் கொலம்பஸில் இருக்கிறான். அவனுக்கு டென்வரில் அலுவலக வேலை வந்ததால் இங்கிருந்து தொடங்குகிறோம்.

கடைக்குள் நான் மட்டும்தான் போனேன். "நீ போயிட்டு வாக்கா, நான் கார்லயே இருக்கேன்" என்றான். அவன் ஹெச்1பி விசாவில் இருப்பவன். மாநிலம் என்ன சட்டம் போட்டாலும், மத்திய அரசின் சட்டப்படி கஞ்சா இன்னும் தடை செய்யப்பட்ட பொருள். குடியேற்ற விவகாரம் முழுக்க மத்திய அரசின் கையில். கஞ்சா பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டாலே விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றிலும் சிக்கல் வரலாம். உரிமம் பெற்ற கடையில் வேலை பார்ப்பதுகூடக் குடியுரிமைக்குத் தடையாகலாம் என்று 2019இல் குடியேற்றத் துறை எழுத்துப்பூர்வமாகவே சொல்லிவிட்டது. இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அறைத்தோழனுக்குச் சட்டம் அனுமதிப்பது அவர்களுக்கு அனுமதி இல்லை. நானும் பார்க்கத்தான் போனேன், எதையும் வாங்கவில்லை.

வாசலிலேயே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருந்தது. உள்ளே கண்ணாடி ஜாடிகளில் பூ மொட்டுகள், ஒவ்வொன்றிலும் வீரியத்தைக் குறித்த சீட்டு. எங்கு திரும்பினாலும் கேமரா. செடி நாற்றாக இருக்கும்போதே அடையாளப் பட்டை மாட்டி, கடைக்கு வரும்வரை மாநில அரசின் கணினியில் கணக்கு வைக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஜெல்லி மிட்டாய், சாக்லேட் வகைகள். ஒரு துண்டில் 10 மில்லிகிராம் டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்), ஒரு பொட்டலத்தில் 100 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது. மிட்டாயின் மேலேயே ஆச்சரியக்குறியோடு எச்சரிக்கை முத்திரை பதித்திருக்கிறார்கள்.

அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. கடைகள் திறந்த மூன்றாம் மாதம், டென்வருக்கு வந்திருந்த 19 வயது கல்லூரி மாணவன் ஒருவன் கஞ்சா கலந்த பிஸ்கட் ஒன்றைச் சாப்பிட்டான். ஆறில் ஒரு பங்குதான் சாப்பிட வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அரை மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று மீதியையும் தின்றுவிட்டான். புகைத்தால் சில நிமிடத்தில் ஏறுவது, தின்றால் ஏற ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகும். போதை ஏறியபோது ஓட்டல் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனான். அதன் பிறகுதான் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும், அளவு போட வேண்டும் என்ற விதிகள் இறுகின. சட்டபூர்வமாக்கினால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று சொல்பவர்களிடம் இந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடை இருந்தால் இது நடந்திருக்காது என்பவர்களிடம், தடைக்காலத்தில் விற்ற பொட்டலத்தில் அளவே எழுதியிருக்காது என்றும் சொல்ல வேண்டும்.

கடை மூலையில் ஒரு ஏடிஎம் நின்றது. கிரெடிட் கார்டு செல்லாது. மத்தியச் சட்டத்துக்குப் பயந்து பெரும்பாலான வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் இந்தத் தொழிலிலிருந்து ஒதுங்கியே நிற்கின்றன.

மாலையில் நகர மையத்தில் நடந்தபோது 1937 நினைவுக்கு வந்தது. கஞ்சாவை நாடு முழுவதும் கட்டுப்படுத்திய முதல் மத்தியச் சட்டமான மரிஹுவானா வரிச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று அமலுக்கு வந்தது. பெயருக்கு வரிச் சட்டம், நடைமுறையில் தடை. சில நாட்களிலேயே இந்த டென்வரில் இரண்டு பேரைப் பிடித்தார்கள். விற்றவருக்கு 58 வயது. நான்கு ஆண்டு சிறை, 1,000 டாலர் அபராதம். மற்றவர் தன்னிடம் வைத்திருந்தார், அவ்வளவுதான். அவருக்கு 18 மாதம். வைத்திருந்ததற்கே சிறை. இந்தப் பயணம் முழுக்க நான் பிடித்துக்கொண்டு போகும் நூல் இதுதான்.

அதே 1937 அக்டோபர் 1 அன்றுதான் நம் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அமெரிக்கா மதுவிலக்கைக் கைவிட்டு அப்போது நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

வெஸ்டர்வில், திங்கட்கிழமை

கொலம்பஸுக்கு வடக்கே, தம்பி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மரங்கள் நிறைந்த அமைதியான ஊர். உலகத்தின் மதுவிலக்குத் தலைநகரம் என்று ஒரு காலத்தில் இதற்குப் பெயர். மதுக்கடை எதிர்ப்புச் சங்கம் 1893இல் இதே மாநிலத்தின் ஓபர்லின் நகரில் தொடங்கி, 1909இல் இங்கே வந்து அச்சகம் போட்டது. துண்டறிக்கை, சுவரொட்டி, பத்திரிகை என்று மாதத்துக்கு 40 டன் வரை அச்சடித்து அனுப்பினார்கள். இன்று ஊர் நூலகத்தோடு சேர்ந்து ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது.

சங்கம் வருவதற்கு முன்பே இந்த ஊர் மதுவை விரட்டிய ஊர். 1875இல் ஒருவர் மதுக்கடை திறந்தார், வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். 1879இல் மறுபடி திறந்தார், மறுபடியும் தகர்த்தார்கள். அதன் பிறகு கடைத்தெருவில் சட்டப்படி ஒரு கோப்பை பீர் ஊற்றியது 2006இல்தான்.

சுவரொட்டிகளைப் பார்க்கப் பார்க்க, இவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது என்று தோன்றியது. அன்றைய மதுக்கடைகளில் பெரும்பாலானவை பீர் ஆலைகளுக்குக் கட்டுப்பட்டவை. ஆலைக்காரன் கடையை வைத்துக் கொடுப்பான், தன் சரக்கையே விற்கச் சொல்வான், மூலைக்கு மூலை திறப்பான். சம்பள நாளில் கூலி அங்கேயே போய்விடும். மனைவிக்குச் சொத்தும் இல்லை, ஓட்டும் இல்லை. அந்தப் பெண்களின் கோபம் நியாயமானது. மதுவிலக்கின் தொடக்க ஆண்டுகளில் குடியும் குறைந்தது, கல்லீரல் நோயால் இறந்தவர்களும் குறைந்தார்கள். தடையால் ஒரு பலனும் இல்லை என்று சொல்லிவிடுவது சரியில்லை.

வேய்ன் வீலர் என்ற வழக்கறிஞர்தான் சங்கத்தின் மூளை. வேட்பாளர் வீட்டில் குடிக்கிறாரா என்று அவர் கேட்கவே மாட்டார். சட்டசபையில் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்பது மட்டும்தான் கேள்வி. இன்னொரு வேலையும் முன்பே முடிந்திருந்தது. மத்திய அரசின் வருமானத்தில் பெரும்பங்கு மதுத் தீர்வையிலிருந்து வந்த காலம் அது. 1913இல் வருமான வரி வந்த பிறகுதான் அந்தப் பணத்தை விட்டுவிட முடிந்தது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்ததும் இதே கணக்குதான். மதுவை விட்டால் கஜானாவுக்கு வேறு வழி வேண்டும்.

நம் பக்கத்துக்கு நேரடித் தொடர்பும் உண்டு. இந்தச் சங்கத்தின் புகழ்பெற்ற பிரசாரகர் வில்லியம் ஜான்சன், 'புஸ்ஸிஃபுட்' என்று பட்டப்பெயர், இந்த ஊரில் வாழ்ந்தவர். 1919இல் லண்டனில் கூட்டத்தில் பேசப் போனபோது மாணவர்கள் நடத்திய கலாட்டாவில் ஒரு கண்ணை இழந்தார். அப்படியும் ஓயாமல் 1921இல் இந்தியாவுக்கு வந்து மதுவிலக்குக்காகச் சுற்றுப்பயணம் செய்தார்.

வைத்திருந்ததற்கே சிறை என்று நான் பிடித்துக்கொண்டு வந்த நூலுக்கு இனி வருகிறேன். 1920 ஜனவரி 17 அன்று அமலுக்கு வந்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 18ஆவது திருத்தம் தடை செய்தது தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து, ஏற்றுமதி இறக்குமதி ஆகியவற்றை. குடிப்பதை அல்ல. முன்பே வாங்கி வீட்டில் வைத்திருந்ததை நிம்மதியாகக் குடிக்கலாம், வந்த விருந்தாளிக்கும் ஊற்றலாம். வசதியுள்ளவர்கள் நிலவறை நிறைய வாங்கி அடுக்கியும் விட்டார்கள். இவ்வளவு கடுமையாகப் போராடிய சங்கமே குடிப்பவனைச் சிறையில் போடு என்று சட்டம் எழுதவில்லை. கஞ்சாவுக்கு எழுதியவர்கள் எழுதினார்கள். 1937 கஞ்சாச் சட்டத்துக்காக முன்நின்ற ஹாரி ஆன்ஸ்லிங்கர் அதற்கு முன் மதுவிலக்குத் துறையில் உயரதிகாரியாக இருந்தவர். 1930இல் போதைப்பொருள் துறைக்கு முதல் ஆணையரானார். அங்கே தோற்ற தடை இங்கே இன்னும் கடுமையாக எழுந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1933க்குப் பிறகு மது திரும்பி வந்தபோது, ஆலைக்காரன் கடை நடத்தக்கூடாது என்று பல மாநிலங்கள் நடுவில் சுவர் எழுப்பின. பழைய மதுக்கடையிலிருந்து கற்ற பாடம் அது. கொலராடோவில் கஞ்சா வந்தபோதோ, தொடக்கத்தில் விற்பவனே விளைவிக்கவும் வேண்டும் என்று விதி போட்டார்கள். மதுவைப் போல என்று சொல்லிவிட்டு இந்தப் பாடத்தை ஏன் விட்டார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. பெருநிறுவனம் ஒன்று விதை முதல் கடை வரை கையில் வைத்துக்கொண்டால், நாளைக்கு அது அந்தப் பழைய மூலைக்கடைதான்.

டொலீடோ, மன்றோ, டெட்ராய்ட், புதன்கிழமை

காலையில் வடக்கு நோக்கிக் கிளம்பினோம். டொலீடோ தாண்டினால் மிஷிகன் எல்லை. டொலீடோவிலிருந்து டெட்ராய்ட் சுமார் 95 கிலோமீட்டர். இந்தச் சாலைக்கு ஒரு கதை இருக்கிறது. நாடு முழுவதற்கும் தடை வருவதற்கு முன்பே, 1918 மே மாதம் மிஷிகன் மதுவிலக்குக்குள் போய்விட்டது. ஒஹாயோவுக்குத் தடை வந்தது ஓராண்டு கழித்து. அந்த ஓராண்டும் டெட்ராய்ட்காரர்கள் டொலீடோவுக்கு வந்து சாராயத்தை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். சீட்டுக்கு அடியில், கோட்டுப் பைக்குள், பால் கேனுக்குள்.

நூறு ஆண்டுகள் கழித்து அதே எல்லையில் போக்குவரத்து எதிர்த்திசைக்கு மாறியது. மிஷிகனில் 2019 டிசம்பர் 1 அன்று கஞ்சாக் கடைகள் திறந்தன. ஒஹாயோவில் 2023 நவம்பரில்தான் வாக்கெடுப்பு, சுமார் 57 சதவீதம் ஆதரவு. கடைகளில் விற்பனை 2024 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் ஒஹாயோக்காரர்கள் எல்லை தாண்டி மன்றோவுக்கு வந்தார்கள். இப்போதும் நெடுஞ்சாலை ஓரத்தில் கஞ்சாக் கடை விளம்பரப் பலகைகள் வரிசையாக வருகின்றன. மாநில எல்லையைக் கஞ்சாவோடு தாண்டுவது மத்தியச் சட்டப்படி குற்றம். தடை ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் சரக்கு எப்படிப் போகும் என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை, இந்தச் சாலை போதும்.

டெட்ராய்டில் ஆற்றங்கரையில் வெகுநேரம் நின்றோம். எதிரே தெரிவது கனடாவின் வின்ட்சர் நகரம். இந்த இடத்தில் கனடா தெற்கே இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஆறு சில இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லை. வின்ட்சரில் பெரிய விஸ்கி ஆலை. ஒன்டாரியோ மாகாணத்திலேயே அப்போது மதுவிலக்குதான். ஆனால் ஏற்றுமதிக்குத் தயாரிக்கலாம். படகுக்காரன் கியூபாவுக்குப் போகிறேன் என்று தாளில் எழுதிக் கொடுப்பான். சில மணி நேரத்தில் காலிப் படகோடு திரும்பி வந்து மறுபடியும் கியூபாவுக்குக் கிளம்புவான். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் பனிமேல் கார் ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குள் கடத்தி வந்த மதுவில் முக்கால் பங்கு இந்த ஆற்றுவழி வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். இன்று அக்கரையில் 2018 அக்டோபர் 17 முதல், இக்கரையில் 2018 டிசம்பர் 6 முதல் கஞ்சாவுக்கு அனுமதி. நடுவில் ஆற்றைக் கடந்தால் மட்டும் குற்றம்.

மிஷிகன் சட்டத்தின் கொடுமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1928இல் லான்சிங் நகரில் பத்துப் பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய் கொஞ்சம் ஜின் விற்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றார். நான்காவது குற்றம் என்றால் எதுவானாலும் ஆயுள் என்ற சட்டம் அப்போது இருந்தது. நாடே கொதித்தது, பிறகு தண்டனையைக் குறைத்தார்கள். மதுவிலக்கின் மீது மக்களுக்கு இருந்த மதிப்பு குறைந்ததில் அந்த வழக்குக்குப் பங்கு உண்டு.

நாற்பது ஆண்டு கழித்து அதே மாநிலம். 1969இல் ஜான் சின்க்ளேர் என்ற கவிஞர், இரண்டு கஞ்சா பீடி கொடுத்ததற்காகப் பத்து ஆண்டு சிறைக்குப் போனார். வாங்கியவர்கள் மாறுவேடத்தில் வந்த போலீஸார். 1971 டிசம்பரில் ஆன் ஆர்பர் நகரில் அவருக்காக நடந்த கூட்டத்தில் ஜான் லெனன் வந்து பாடினார். மூன்றாம் நாள் சின்க்ளேர் வெளியே வந்தார். 2019 டிசம்பர் 1 அன்று ஆன் ஆர்பரில் கடை திறந்தபோது, முதல் நாளே வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் பெயர் தெரிந்தவர், அவருக்காக லெனன் வந்தார். பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர்? 2001 முதல் 2010 வரை மட்டும் அமெரிக்காவில் கஞ்சா தொடர்பாக 80 லட்சத்துக்கு மேற்பட்ட கைதுகள் என்று மனித உரிமை அமைப்பான ஏசிஎல்யு கணக்கெடுத்தது. அதில் 88 சதவீதம் வெறுமனே வைத்திருந்ததற்கு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் பயன்படுத்தியும், கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு. வழக்கு பதிவானால் வாடகை வீடு, வேலை என்று எல்லாவற்றிலும் அது பின்னால் வரும். சிறை முடிந்தும் தண்டனை முடிவதில்லை.

சிகாகோ, வெள்ளிக்கிழமை

மழை. வடக்கு கிளார்க் தெருவில் 2122ஆம் எண். 1929 காதலர் தினத்தன்று, சாராயக் கும்பல்களின் மோதலில், ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட கராஜ் இருந்த இடம். கட்டடத்தை 1967இல் இடித்துவிட்டார்கள். இப்போது புல்வெளி, ஒரு பலகைகூட இல்லை. பார்க்க வேறொன்றும் இல்லை, போய்விட்டோம்.

சிகாகோவின் சாராயக் கும்பல் தலைவன் அல் கபோனைக் கொலைக்காக யாராலும் பிடிக்க முடியவில்லை, 1931இல் வருமான வரிக்காகத்தான் பிடித்தார்கள். சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927இல் ஒரு சாராய வியாபாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அதற்கு வழி திறந்தது. இன்று மாநில உரிமத்தோடு நடக்கும் கஞ்சாக் கடையும் மத்திய அரசுக்கு வருமான வரி கட்டியாக வேண்டும். ஆனால் வாடகை, சம்பளம் போன்ற செலவுகளைக் கழிக்கக் கூடாது என்று 1982இல் வந்த வரிப் பிரிவு அதன் மீது பாய்கிறது. குற்றவாளிக்கென்று எழுதிய விதி, உரிமம் பெற்றவர் மீது. பெரிய முதலீடு உள்ளவர் தாங்குவார், சின்னக் கடைக்காரர் படுத்துவிடுவார்.

மதுவிலக்குக் காலத்தின் இன்னொரு கொடுமை தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை: மெத்தனால். தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அரசே விஷம் கலக்கச் சொன்னது. 1927 வாக்கில் மெத்தனால் அளவைக் கூட்டினார்கள். குடிப்பார்கள் என்று தெரிந்தே கலக்கிறீர்கள் என்று நியூயார்க்கின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். இறந்தவர்கள் நல்ல சரக்கு வாங்கக் காசில்லாதவர்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் இறந்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான்.

எவன்ஸ்டன், சனிக்கிழமை

சிகாகோவுக்கு வடக்கே, ஏரிக்கரையில் பல்கலைக்கழக ஊர். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றும் சொல்லலாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நான்கு மைலுக்குள் மது விற்கக் கூடாது என்று 1855இலேயே விதி. பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தின் தலைவி ஃபிரான்சஸ் வில்லர்டின் வீடு சிகாகோ அவென்யூவில் இருக்கிறது. மரத்தாலான, கூம்புக் கூரை வீடு. குடியிலிருந்து வீட்டைக் காக்கப் பெண்ணுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று வாதாடியவர் அவர். இந்த ஊர் மது உரிமம் கொடுக்கத் தொடங்கியது 1972இல், அதுவும் உணவகம், ஓட்டல்களுக்கு மட்டும்.

இதே ஊர்தான் 2019 நவம்பரில் வேறு யாரும் எடுக்காத ஒரு முடிவை எடுத்தது. இல்லினாயில் 2020 ஜனவரி 1 முதல் கஞ்சா விற்பனை. அதில் நகராட்சிக்கு வரும் 3 சதவீத வரியில் முதல் ஒரு கோடி டாலரை, கறுப்பினக் குடும்பங்களுக்கு இழைத்த அநீதிக்கு இழப்பீடாகக் கொடுப்பது. 1919 முதல் 1969 வரை இங்கே வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும், வீடு வாங்க விடாமல் ஒதுக்கியதற்கான ஈடாகத் தலைக்கு 25,000 டாலர். ராபின் ரூ சிம்மன்ஸ் என்ற கவுன்சிலர் முன்னின்று நடத்தினார். ஏன் கஞ்சா வரியை எடுத்தார்கள்? கஞ்சாவுக்காகக் கைதானவர்களில் பெரும்பாலோர் அந்தச் சமூகத்தவர். ஊர் மக்கள்தொகையில் அவர்கள் ஆறில் ஒரு பங்கு அளவுதான். யாரை வாட்டி அந்தத் தடை நடந்ததோ, தடை நீங்கிவரும் பணம் அவர்களுக்குப் போகட்டும் என்ற நியாயம். எனக்கு இது முழுக்க ஒப்புதல்.

1933இல் இப்படி எதுவும் நடக்கவில்லை. மதுவிலக்கில் கடத்தியவன், விற்றவன் சிறைக்குப் போனான். வீட்டில் குடித்தவன் சட்டத்தின் முன் குற்றவாளியே இல்லை. அதனால் சட்டத்தை எடுத்ததோடு பெரும்பாலானவர்களுக்குக் கதை முடிந்தது. கஞ்சாவில் அப்படி முடியாது. பயன்படுத்தியவனே லட்சக்கணக்கில் குற்றவாளியாகப் பதிவாகியிருக்கிறான். மதுவைப் போல என்ற ஒப்புமை இந்த இடத்தில் நின்றுபோகிறது. இதற்கு மேல் மதுவின் வரலாறு வழிகாட்டாது, புதிதாக எழுதவேண்டும்.

இல்லினாய் கொஞ்சம் எழுதியிருக்கிறது. விற்பனை தொடங்குவதற்கு முந்தைய நாள் ஆளுநர் பிரிட்ஸ்கர் 11,017 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். 30 கிராம் வரையிலான பழைய கைதுப் பதிவுகளை அரசே அழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே போட்டார்கள். அதற்கு மேலுள்ளவர்கள் மனு போட வேண்டும். எவன்ஸ்டனிலும் எல்லாம் எதிர்பார்த்தபடி போகவில்லை. ஊரில் நெடுநாள் ஒரே கடைதான், வரி மெதுவாகத்தான் சேர்ந்தது. முதியவர்கள் பலர் காத்திருந்தே காலம் கழிந்தது. பிறகு வீட்டு விற்பனை வரியிலிருந்தும் நிதி ஒதுக்கினார்கள். திட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது தம்பி கேட்டான்: "ஒஹாயோல இந்த மாதிரி ஏதாவது இருக்காக்கா?" தேடிப் பார்த்தோம். 2023இல் மக்கள் வாக்களித்த சட்டத்தில் பழைய வழக்குகளைத் தானாக அழிக்கும் பிரிவு இல்லை. அவனுக்கு அங்கே ஓட்டில்லை. ஓட்டுள்ள சக ஊழியர்களிடம் இதைப் பற்றிப் பேசுவேன் என்றான். நாளை காலை கொலம்பஸ் திரும்புகிறோம்.